முன்னறையில் இருக்கும் சொல்யூஷன் டின்

(தோல், காலணி வேலை செய்யும் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத சகோதர சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இன்றைக்குப் பேசப் போகிற விஷயம் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்தப் பக்கம் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்திருப்பார். நம் வீடுகளில் சிலர் உருது பேசுகிறோம், சிலர் தமிழ் பேசுகிறோம். ஆனால் 'சொல்யூஷன்' என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். அப்பரின் ஓரத்தை மடித்து ஒட்டவும், லைனிங்கை ஒட்டவும், சோலை ஒட்டவும் பயன்படுத்துகிற அந்தப் பசை. அதைப் பற்றியும், அதில் கலந்திருக்கும் கரைப்பானைப் பற்றியும்தான் பேசப் போகிறோம்.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சகோதரி, கணவர் மவுத்தாகி, இத்தா முடிந்ததும் எங்களிடம் உதவி கேட்டு வந்தார். வெளியே வேலைக்குப் போக முடியாத நிலை, வீட்டில் பிள்ளைகள். நாங்கள் ஒரு தையல் மெஷினும் பேஸ்டிங் செய்ய ஒரு மேசையும் வாங்கிக் கொடுத்தோம். ஜாப் ஒர்க் கொடுப்பவர் ஒருவரிடம் பேசி வேலையும் ஏற்பாடு செய்தோம். ஆண்டறிக்கையில் அந்த மெஷினோடு போட்டோ போட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதினோம். தெருவைப் பார்த்த முன்னறையில் அம்மா தைப்பார், மூத்த மகள் பேஸ்டிங் போடுவாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருப்பதால் ஜன்னலைச் சாத்தித் திரையும் போட்டிருந்தார்கள்.

மகளுக்குக் கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. பிறகு கை விரல்கள். ஒருநாள் கடைக்குப் போய் வந்தவளின் வலது காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். முதுகுத்தண்டில் ஏதாவது இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். இந்தச் செலவுகளுக்காக எங்களிடம் இரண்டு முறை மனு வந்தது. இரண்டு முறையும் பணம் கொடுத்தோம். எங்கள் மருத்துவ உதவி மனுவில் வருமானம் எவ்வளவு, வாடகை வீடா, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. 'நோயாளி என்ன வேலை செய்கிறார்?' என்ற ஒரே ஒரு கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டவர் ஒரு நரம்பு டாக்டர். 'என்னம்மா வேலை பண்றே? எங்க உக்காந்து பண்றே? ஜன்னல் இருக்கா?' என்று மூன்றே கேள்விகள். அந்தப் பெண் பதில் சொன்னதும், 'மருந்துக்கு முன்னால அந்த டின்னை வீட்டை விட்டு வெளியே வையுங்க' என்றாராம்.

அந்த மேசையைக் கொடுத்தது நாங்கள்தான்.

சரி, டின்னுக்குள் என்ன இருக்கிறது? ரப்பரோ, நியோப்ரீனோ, பி.யூ. என்கிற பாலியூரித்தேனோ இருக்கும். அது தானாக ஒட்டாது, பிரஷ்ஷில் தடவவும் வராது. அதைக் கரைத்துத் தண்ணீர்ப் பதத்துக்குக் கொண்டுவர ஒரு திரவம் வேண்டும். அதுதான் கரைப்பான். பெரும்பாலும் டொலுவீன், ஹெக்சேன், அசிட்டோன், மெத்தில் ஈத்தைல் கீட்டோன் ஆகியவற்றில் ஒன்றோ, இரண்டு மூன்று சேர்ந்த கலவையோ இருக்கும். தடவியதும் கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிடும், பசை மட்டும் தங்கும். 'காய்ந்துவிட்டது' என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் அது காய்ந்துபோகவில்லை. நம் அறைக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து நம் நெஞ்சுக்குள் போகிறது.

எவ்வளவு போனால் அதிகம்? நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் டொலுவீனுக்கு வைத்திருந்த அளவு, 8 மணி நேர வேலைக்குச் சராசரியாகக் காற்றில் 10 லட்சத்தில் 100 பங்கு. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறை, கதவு ஜன்னல் சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 12 மில்லி டொலுவீன் ஆவியானாலே அந்த அளவு வந்துவிடும். இருமல் மருந்துக்குக் கொடுக்கிற பத்து மில்லி மூடி இருக்கிறதல்லவா, அதில் ஒன்றேகால் மூடிக்கும் குறைவு. ஒரு நாள் பேஸ்டிங்கில் எத்தனை மூடி பறக்கிறது என்று இங்கே இருக்கிற சகோதரிகளுக்குத்தான் தெரியும்.

டொலுவீன் அதிகமானால் உடனே தெரியும் அறிகுறிகள் தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம், காரணமில்லாத எரிச்சல். மாலையில் வேலையை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் தலைவலி தெளிந்துவிட்டால், அது காற்றின் வேலை என்று புரிந்துகொள்ளலாம். வருடக் கணக்கில் போனால் ஞாபகமும் கவனமும் குறையும். மெஷின் சத்தமும் சேர்ந்தால் காது கேட்பதும் பாதிக்கும்.

ஹெக்சேன் கதை வேறு. அது தலையைக் கிறுகிறுக்க வைத்து எச்சரிப்பதற்கு முன்பே உள்ளே வேலையை ஆரம்பித்துவிடும். மூச்சில் போன ஹெக்சேனை நம் உடம்பு கழித்துத் தள்ளப் பார்க்கிறது. அப்படி மாற்றும்போது உருவாகிற ஒரு பொருள்தான் நரம்பைக் கெடுக்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு எங்கே போகிறது? கால் விரலுக்கு. கிணற்றிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைசி மடையில் இருக்கிற பயிர்தானே முதலில் வாடும், அதுபோல. முதலில் கால் விரல், பிறகு பாதம், கை விரல். பின்பு பாதம் தூக்க முடியாமல் தொங்கும். செருப்பு கழன்றது தெரியாமல் போனது இதனால்தான்.

இன்னும் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். வேலையை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் இந்த நோய் கூடிக்கொண்டே போகலாம். பிறகுதான் மெல்ல இறங்கும், மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில். இது தெரியாதவர்கள், 'வேலையை விட்டும் குணமாகலையே, அப்படியானால் காரணம் அது இல்லை' என்று மறுபடி போய் உட்கார்ந்துவிடுவார்கள். நமது அந்தப் பெண்ணும் அப்படித்தான் போக இருந்தாள். டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் தப்பினாள். இதை முறிக்கிற மருந்து என்று ஒன்று கிடையாது. காற்றை மாற்றுவதுதான் மருந்து. ஹெக்சேனோடு மெத்தில் ஈத்தைல் கீட்டோனும் சேர்ந்திருந்தால் கேடு இன்னும் வேகமாக வரும். 'கெட்டியாகிவிட்டது, கொஞ்சம் தின்னர் ஊற்று' என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறோமே, அது எதோடு எதைக் கலக்கிறோம் என்று தெரியாமல் செய்கிற வேலை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. ஜப்பானில் வீடுகளில் இருந்தபடியே சாண்டல் செருப்பு ஒட்டிக்கொடுத்த பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பசையில் முதலில் பென்சீன் இருந்தது. ரத்தம் கெட்டுப் பலர் பாதிக்கப்பட்டதால் 1959-இல் பென்சீன் கலந்த பசையைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஹெக்சேன். 1960-களில் அதே செருப்பு வேலைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும் நோய் வந்தது. மியே என்ற ஒரு மாகாணத்தில் மட்டும் 93 பேருக்கு இந்த நோய் இருந்ததை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். ஒரு விஷம் போனது என்று நிம்மதியாக இருந்த வீட்டுக்குள் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் நடந்ததும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில் ஷூவும் செருப்பும் கைப்பையும் செய்தார்கள். முஸஃப்பர் அக்சோய் என்ற ரத்தநோய் டாக்டர், தன்னிடம் வருகிற ரத்தப் புற்றுநோயாளிகளில் காலணித் தொழிலாளிகள் அடிக்கடி இருப்பதைக் கவனித்தார். அவர்களிடம் என்ன வேலை என்று கேட்டார். பட்டறைக்கே போய்ப் பார்த்தார். 1967 முதல் 1973 வரை அப்படி 26 பேரைக் கண்டதாக 1974-இல் எழுதினார். காரணம் பசையிலும் தின்னரிலும் இருந்த பென்சீன். அங்கே பென்சீன் பயன்பாடு குறைந்த பிறகு அந்த நோயாளிகளின் வரத்தும் குறைந்தது. 'என்ன வேலை செய்கிறாய்' என்று கேட்ட ஒரு டாக்டரால் எத்தனை வீடுகள் பிழைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் மனுவை நினைத்து நாங்கள் வெட்கப்பட்டதும் இதைப் படித்தபோதுதான்.

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயம். இப்போது தரமான டின்களில் அதை வேண்டுமென்று சேர்ப்பதில்லை. ஆனால் பெயர்ச்சீட்டு இல்லாமல், பெரிய கேனிலிருந்து சின்ன டப்பாவில் ஊற்றி விற்கிற மலிவுத் தின்னரில் என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே சில்லறையில் ஊற்றித் தருவதை வாங்க வேண்டாம். மூடி பிரிக்காத, பெயர்ச்சீட்டு உள்ள டின்னையே கேளுங்கள். அதில் தீச்சுடர் படம் இருக்கும். மனிதனின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற படமும் இருந்தால், நாள்பட்ட நோயை உண்டாக்கும் என்று அர்த்தம். டின்னோடு பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்றும் உண்டு. ஜாப் ஒர்க் கொடுப்பவரிடம் அதைக் கேளுங்கள். 'அதெல்லாம் கம்பெனியில இருக்கு' என்று சொன்னால் ஒரு நகல் வாங்கி வரச் சொல்லுங்கள். இங்கிலீஷில் இருக்கிறதே என்று தள்ளிவைக்க வேண்டாம், ஆபீசுக்குக் கொண்டுவந்தால் நாங்கள் படித்துச் சொல்கிறோம்.

பாலாற்றுக்காக நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு தோல் ஷாப்புக் கழிவுநீரைப் பற்றிப் பேசாத ஆள் நம் ஊரில் இல்லை. ஆற்றில் போகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. முன்னறையில் பறக்கிறது தெரிவதில்லை. வாடை இருக்கிறதே என்பீர்கள். வாடையை நம்ப முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மூக்கு பழகிவிடும். 'இப்ப வாடையே வரலை' என்று சொல்பவர்தான் அதிகம் சுவாசித்தவர்.

இனி என்ன செய்வது? சகோதரிகளே, வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கூலியில்தான் அரிசி வருகிறது, பிள்ளைகளின் பீஸ் போகிறது.

முதல் விஷயம் காற்று. பேஸ்டிங்கை முன்னறையிலிருந்து எடுத்துவிடுங்கள். முற்றம், மொட்டை மாடி, பின்வாசல் தாழ்வாரம், எது திறந்திருக்கிறதோ அங்கே. மாடியில் ஒரு தார்ப்பாய் கட்டினால் கோஷாவுக்கும் குறை வராது. அறைக்குள்தான் என்றால், நீங்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், மேசை உயரத்தில். நல்ல காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, டின்னைத் தாண்டி, வெளியே போக வேண்டும். சீலிங் ஃபேன் வாடையை அறை முழுக்கச் சுற்றி விடுமே தவிர வெளியே தள்ளாது. ஒட்டிய அப்பர்களைக் காய வைக்கிற இடமும் வெளியேதான். படுக்கிற அறையில் அடுக்கி வைத்து அதன் பக்கத்தில் பிள்ளைகளைத் தூங்க வைக்கிற வீடுகளை நாங்களே பார்த்தோம்.

அகலவாய்க் கிண்ணத்தில் ஊற்றி வைக்காதீர்கள். வாய் குறுகிய டப்பாவில் கொஞ்சமாக ஊற்றி, பிரஷ் வைக்காத நேரத்தில் மூடி வையுங்கள். செலவில்லாத வழி இதுதான், சொல்யூஷனும் மிச்சமாகும்.

துணி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க், என்-95 எதுவும் இதற்கு உதவாது. அவை தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று கரி அடைத்த கேட்ரிஜ் வைத்த மாஸ்க் தனியாக உண்டு. அதிலும் கேட்ரிஜை அவ்வப்போது மாற்ற வேண்டும். கையைத் தின்னரில் கழுவும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும், தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் போதும். சாதாரண ரப்பர் கையுறை டொலுவீனில் சீக்கிரம் ஊறிவிடும், அதை நம்பிக் கையை நனைக்க வேண்டாம்.

அடுத்தது நெருப்பு. டொலுவீன் 4 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடும். ஹெக்சேனுக்குச் சுழியத்துக்குக் கீழே 22 டிகிரியே போதும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் கூட அவ்வளவு குளிர் வராது. அதாவது வருடம் முழுவதும், எந்த நேரமும், அது பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. அதன் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு நகர்ந்து அடுத்த அறை அடுப்பைத் தேடிப் போகும். ரமலானில்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். பெருநாளுக்குள் ஆர்டரை முடிக்க வேண்டும் என்று இரவெல்லாம் பேஸ்டிங் நடக்கும், சஹருக்கு அடுப்புப் பற்றவைப்பார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் இருக்கும். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வேறு. டின் திறந்திருக்கிற அறையில் நெருப்பும் வேண்டாம், பீடி சிகரெட்டும் வேண்டாம். டின் கொட்டிவிட்டால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கரைப்பான் தண்ணீர் மேல் மிதந்து, நெருப்பையும் சுமந்துகொண்டு பரவும். ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கையை மீறினால் 101.

இன்னொன்று, தாய்மார்கள் மறக்கவே கூடாதது. தின்னரைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரல் விடாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், எண்ணெய் கொடுக்காதீர்கள். வயிற்றுக்குள் இருப்பதை விட, வாந்தியாகி மேலே வரும்போது நுரையீரலில் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. டின்னையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பேஸ்டிங் பக்கமே வராமல் தையலை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். மாமியார்மார்கள் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறோம்.

கம்பெனியில் வேலை பார்க்கிற சகோதரர்களுக்கு ஒரு விஷயம். பென்சீனாலும் அதன் வகைப் பொருட்களாலும் வரும் நோய் இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழில்சார் நோயாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. கால் மரத்தால், ரத்தம் குறைந்தால், டிஸ்பென்சரியில் 'நான் சொல்யூஷன் வேலை பார்க்கிறேன்' என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. ஆனால் காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கு என்று தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம்.

அறக்கட்டளை எடுத்த முடிவுகளையும் சொல்லிவிடுகிறோம். மருத்துவ உதவி மனுவில் வேலை பற்றிய கேள்வி சேர்க்கப்பட்டுவிட்டது. இனிமேல் பேஸ்டிங் மேசை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, மெஷின் மட்டும்தான். இந்த மண்டபத்தின் பின்பக்க மாடியில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை போடுகிறோம். அஸர் வரை பெண்களுக்கு மட்டும். பேஸ்டிங்கை அங்கே முடித்துக்கொண்டு, தையலை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இதற்கு ஜகாத் பணத்தைப் போடலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டோம். ஜகாத் ஏழையின் கையில் உடைமையாகச் சேர வேண்டியது, பொதுக் கொட்டகைக்கு ஆகாது என்றார். ஆகவே சதகாவில்தான் செய்கிறோம், இன்னும் பாதித் தொகை சேர வேண்டியிருக்கிறது. ஜாப் ஒர்க் கொடுக்கிற பாய்மார்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறார்கள். தண்ணீரில் கரையும் பசை இப்போது கிடைக்கிறது. விலை கூடுதல், காய நேரமாகும் என்று சொல்கிறீர்கள், உண்மைதான். எந்த எந்த வேலைக்கு அதைக் கொண்டு சமாளிக்க முடியும் என்று கூட்டம் முடிந்ததும் ஆபீசில் உட்கார்ந்து பேசுவோம், டீ சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பெண் இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். ஊசியில் நூல் கோக்க இன்னும் முடியவில்லை. அவள் பெயரைக் கேட்காதீர்கள், துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது கால் விரல் மரத்துப்போகிறது, செருப்பு நழுவுகிறது, மாடிப்படி ஏறக் கஷ்டமாக இருக்கிறது என்றால் இன்று போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் தெருவும் வீட்டு எண்ணும் மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த வாரம் எங்கள் மகளிர் குழு வீட்டுக்கு வரும். நீங்கள் பயன்படுத்துகிற டின்னைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள், அதன் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ.